இடுப்பளவும் மணிக்கணக்கும்

கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒரு நாள், "ஏம்மா, மேசைக்கு லேஸ், டி.வி.க்கு லேஸ், தலையணைக்கு லேஸ்... எனக்கு மட்டும் ஒரு ஸ்கர்ட் பின்னித் தரக் கூடாதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதானே! நம் வீடுகளில் குரோஷா ஊசியை எடுத்தால் மரச் சாமான்களுக்குத்தான் முதலில் சட்டை போடுவோம். மனுஷருக்கு அப்புறம்தான்.

கேட்டவுடன் உட்கார்ந்துவிட்டேன். மாதிரி பின்னிப் பார்க்கவில்லை. அவளுடைய பழைய ஸ்கர்ட் ஒன்றை விரித்து, அதன்மேல் வைத்து வைத்துப் பார்த்தே பின்னி முடித்தேன். போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. துவைத்து ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டேன். மாலையில் எடுத்துப் பார்த்தால் நாலு அங்குலம் இறங்கி, இடுப்பு தொளதொளவென்று ஆடுகிறது! என் மாமியார் ஒரு பார்வை பார்த்தார். "ஏம்மா, சோளக்கொல்லை பொம்மைக்கா பின்னினே?" என்றார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், மக்காச்சோளக் கொல்லைகள் நடுவிலேயே வளர்ந்தவர். வேறு உதாரணம் வருமா?

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அத்தனையையும் பிரித்தேன்.

பிரித்த நூலைக் கண்டாகச் சுற்ற உதவிக்கு வந்தாள் பக்கத்துப் போர்ஷன் பெண். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிற்றூர் அவளுக்கு. கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏற வேண்டும். புருஷனுக்கு இங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்கும் வேலை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. நூல் சுற்றிக்கொண்டே என் விரல்களைப் பார்த்தாள். பத்தே நாளில் சங்கிலியும் டிரெபிளும் அவள் கைக்கு வந்துவிட்டன.

ஒரு மாலை அவளே கேட்டாள்: "அக்கா, இதைப் பின்னி வித்தா பொழைக்க முடியுமா?"

"ஏன் கேக்கறே?"

"மார்கழி பொறந்தா இவரு மிளகு பறிக்கக் குடகுப் பக்கம் போவாருக்கா. ஜோடியாப் போனாத்தான் ரெண்டு கூலி. புள்ளைய மலையில எங்கம்மாகிட்ட விட்டுட்டு வரச் சொல்றாரு. போன வருஷம் விட்டுட்டுப் போனேன். மூணு மாசம் கழிச்சு வந்தா, அது என்னைப் பாத்து அழுதுட்டு எங்கம்மா முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிச்சு. இந்த வருஷம் போக வேணாம்னு பாக்கறேன்."

"பேஷாப் பிழைக்கலாம்" என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. நல்ல வேளை, சொல்லவில்லை. "இந்த ஸ்கர்ட்டை மறுபடி பின்னப் போகிறேன். எத்தனை மணி நேரம் ஆகிறதென்று நோட்டில் குறித்து வைக்கிறேன். முடிந்ததும் பதில் சொல்கிறேன்" என்றேன்.

அந்த ஸ்கர்ட்டைத்தான் உங்களுக்கும் இப்போது சொல்லப் போகிறேன். நோட்டில் என்ன வந்தது என்பதையும் பிறகு சொல்கிறேன்.

தேவையானவை

20-ஆம் நம்பர் மெர்சரைஸ்டு பருத்தி நூல் சுமார் 200 கிராம். ஒரே சமயத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் நிறம் துளி மாறும். 1.25 மி.மீ. எஃகு குரோஷா ஊசி. சங்கிலி போட மட்டும் 1.50 ஊசி. ஏழு அங்குல ஜிப், ஒரு அங்குல அகலப் பருத்தி நாடா, உள்ளே லைனிங்குக்கு மெல்லிய பாப்ளின். பாப்ளினை முதலிலேயே நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சுருங்கி லேஸையும் சேர்த்து இழுக்கும்.

முதலில் மாதிரி

ஐந்து அங்குலச் சதுரம் ஒன்று பின்னுங்கள். நடுவில் நாலு அங்குலம் அளக்க அப்போதுதான் இடம் இருக்கும். அதைத் துவைத்து, துண்டில் வைத்து அமுக்கி, தட்டையாகக் காயவிட்டு அளக்க வேண்டும். என் கைக்கு நாலு அங்குல அகலத்தில் 44 கண், நாலு அங்குல உயரத்தில் 18 வரிசை வந்தன. அதாவது அங்குலத்துக்கு 11 கண், நாலரை வரிசை. உங்கள் கை இறுக்கமோ தளர்வோ, உங்கள் எண்ணைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை நான் விட்ட படி இதோ: அந்தச் சதுரத்தின் மேல் ஓரத்தில் இரண்டு கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தில் இரண்டு கிளிப்பைக் கனத்துக்கு மாட்டி, ஒரு இரவு விடுங்கள். காலையில் என் நாலு அங்குலம் நாலேகால் ஆகியிருந்தது. பருத்தி நூலுக்குக் கம்பளி நூல் மாதிரி மீண்டு சுருங்கும் குணம் இல்லை. தன் கனத்தாலேயே இறங்கும். 24 அங்குலம் பின்னினால் அது இருபத்தைந்தரையில் போய் நிற்கும். அந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிட்டால் சோளக்கொல்லைப் பேச்சு வராது!

அளவு எடுத்தல்

இடுப்பு, இடுப்பிலிருந்து எட்டு அங்குலம் கீழே பின்பக்கம் மிக அகன்ற இடம், நீளம். இந்த மூன்றும் போதும். குழந்தை பெற்ற சகோதரிகளே, வயிற்றை எக்கிக்கொண்டு அளவெடுக்காதீர்கள். டேப் ஏமாறும், ஸ்கர்ட் ஏமாறாது. உட்கார்ந்தபடியும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

என் மகளுக்கு இடுப்பு 28. அகன்ற இடம் 37, அதற்கு ஒரு அங்குலம் தளர்வு சேர்த்து 38. உடம்பைவிடச் சிறிதாகப் பின்னி இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். லேஸ் அப்படி இழுபட்டால் ஓட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு, பூ எது ஓட்டை எது என்றே தெரியாது.

பின்னும் முறை

28 அங்குலம் × 11 கண் = 308. 1.50 ஊசியால் தளர்வாக 310 சங்கிலி போடுங்கள். 1.25 ஊசிக்கு மாறி, ஊசியிலிருந்து நாலாவது சங்கிலியில் முதல் டிரெபிள். நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றி, கண்ணில் விட்டு இழுத்து, இரண்டிரண்டாகக் கழித்தால் அதுவே டிரெபிள். விட்டுப்போன மூன்று சங்கிலியும் ஒரு டிரெபிள் கணக்கு. ஆக வரிசைக்கு 308.

38 அங்குலத்துக்கு 418 கண் வேண்டும். 110 கண் கூட்ட வேண்டும். எட்டு அங்குலத்துக்கு 36 வரிசை இருக்கிறது. ஒவ்வொரு மூன்றாவது வரிசையிலும் சம இடைவெளியில் பத்து இடத்தில், ஒரே கண்ணில் இரண்டு டிரெபிள் போடுங்கள். பதினொரு தடவை இப்படிக் கூட்டினால் 33 வரிசையில் 110 கண் வந்துவிடும். மீதி மூன்று வரிசை கூட்டாமல் போகட்டும். கூட்டும் இடங்கள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று வந்தால் அங்கே கூர் தெரியும். ஆகவே ஒவ்வொரு முறையும் சில கண் தள்ளிக் கூட்டுங்கள்.

முதல் 32 வரிசையை வளையமாகச் சேர்க்காமல், போய்த் திரும்பி வந்து பின்ன வேண்டும். அதுதான் ஜிப்புக்கான ஏழு அங்குலத் திறப்பு. திறப்பு வைக்காவிட்டால் 28 அங்குல வாய் 38 அங்குலத்தைத் தாண்டி எப்படி ஏறும்? அதன்பின் வளையமாகச் சேர்த்த பிறகும், ஒவ்வொரு சுற்று முடிவிலும் திரும்பிக்கொண்டே பின்னுங்கள். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் மேல் பகுதி ஒரு முகமும் கீழ்ப் பகுதி ஒரு முகமும் காட்டும். கண்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும்.

அகன்ற இடத்துக்குக் கீழே ஜன்னல் பின்னல். இரண்டு கண் கூட்டி 420 ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு டிரெபிள், இரண்டு சங்கிலி, கீழே இரண்டு கண் விடுதல்: இது ஒரு ஜன்னல். சுற்றுக்கு 140 ஜன்னல் வரும். பத்து ஜன்னல் அகலத்தில் கட்டம் போட்ட நோட்டில் ஒரு இலையோ மாங்காயோ வரைந்து, நிரப்பிய கட்டத்தில் சங்கிலிக்குப் பதில் இரண்டு டிரெபிள் போட்டால், இடுப்பைச் சுற்றிப் பதினான்கு தடவை அது வரும். கோலப்புள்ளி வைக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு வித்தையே இல்லை.

மொத்தம் 24 அங்குலம், அதாவது 108 வரிசை ஆனதும் நிறுத்தி, இடுப்பில் வரிசையாகக் கிளிப் மாட்டி ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். இறங்குவது இறங்கட்டும். பிறகு அரை அங்குல ஓரப் பூ. எங்களுக்கு வேண்டிய 26 சரியாக வந்துவிட்டது. இடுப்பின் உள்பக்கம் நாடாவைக் கையால் தைத்துவிடுங்கள். இனி அந்த இடம் நெகிழாது. லைனிங்கை இடுப்பில் மட்டும் இணைத்து, கீழே இரண்டு அங்குலம் குட்டையாக விடுங்கள். துவைத்தால் எப்போதும் தட்டையாகவே காயவிட வேண்டும். கொடி, ஹேங்கர் இரண்டும் இதற்கு ஆகாது.

நோட்டில் வந்த கணக்கு

சங்கிலியையும் ஒரு கண்ணாக எண்ணினால், ஓரப் பூவோடு சேர்த்து சுமார் 45 ஆயிரம் கண். நிமிஷத்துக்குப் பத்து என்று என் கை போகும். பின்னல் மட்டும் 75 மணி நேரம். மாதிரி, லைனிங், ஜிப், துவைத்து அயர்ன் போட்டது எல்லாம் 15 மணி. ஆக மொத்தம் 90 மணி. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்த எனக்கு மூன்று மாதம் சரியாகப் போயிற்று.

முடித்ததும் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். விற்க அல்ல, விலை கேட்கத்தான். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வேலை சுத்தம்மா. 1,200 ரூபாய்க்கு எடுத்துக்கலாம்" என்றார். "வீட்ல சும்மா இருக்கற நேரத்துல போடறதுதானே!" என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார்.

வீட்டுக்கு வந்து திண்ணையில் கணக்குப் போட்டோம். நூல், ஜிப், துணி 500 போக மிச்சம் 700. அதைத் தொண்ணூறால் வகுத்தால் மணிக்கு எட்டு ரூபாய்கூட இல்லை! 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் குறித்த தினக்கூலி 319 ரூபாய். எட்டு மணி என்று வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 40. அந்தக் கணக்குக்கு இந்த ஸ்கர்ட்டின் கூலி மட்டுமே 3,500-க்கு மேல் வர வேண்டும்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பாட்டி சொல்லும்க்கா, ஜாகிர்தாருக்குச் சும்மாவே போய் வேலை செஞ்சிட்டு வரணும்னு. இதுவும் அப்படித்தான் இருக்கு. என்ன, நிழல்ல உக்காந்து செய்யறோம்" என்றாள். கல்வராயன் மலை 1976-ல்தான் ஜாகிர்தார்கள் கையிலிருந்து அரசாங்கத்துக்கு வந்தது. அந்த ஞாபகம் இன்னும் அங்கே வீடுகளில் இருக்கிறது.

அவள் சொன்னது வெறும் பேச்சல்ல, சகோதரிகளே. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நர்சாபூர் என்று ஒரு ஊர். அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கொண்டுவந்த வேலை. மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் அங்கே போய்ப் பார்த்து 1982-ல் புத்தகமே எழுதினார். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் லேஸ். பின்னுகிறவளுக்குக் கிடைப்பதோ வயல் கூலியைவிடக் குறைவு. காரணம் என்ன தெரியுமா? அவளை யாரும் தொழிலாளி என்று எண்ணவில்லை. வீட்டில் இருக்கிற பெண், பொழுதுபோக்காகச் செய்கிறாள் என்று வைத்துவிட்டார்கள். அவளும் மணியை எண்ணவில்லை. நம் கடைக்காரர் சொன்ன அதே வார்த்தைதான்! அந்த நர்சாபூர் லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேர் கிடைத்தது சந்தோஷம். கூலியும் உயர வேண்டும்.

இதற்கு நேர்மாறாக நம் நாகர்கோவிலையும் சொல்ல வேண்டும். அங்கே 1820-களில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல. தலையணைமேல் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அதில் சம்பாதித்த காசைக் கொடுத்து அடிமைத்தனத்திலிருந்து மீண்ட பெண்கள் உண்டு. அயர்லாந்திலும் 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் குரோஷா ஊசிதான் கஞ்சி வார்த்தது. நூல் ஒன்றுதான். உழைத்த மணிக்குக் காசு கைக்கு வருகிறதா இல்லையா என்பதில்தான் இருக்கிறது வித்தியாசம்.

ஆகவே அவளுக்கு நான் சொன்ன பதில் இது: "ஸ்கர்ட் பின்னிப் பிழைக்க முடியாது. யாராவது முன்பணம் கொடுத்து, மணிக்கணக்குக்கு ஒத்துக்கொண்டால் மட்டும் எடு. சின்ன வேலையாகப் பார்ப்போம்."

ரவிக்கைக் கை ஓரத்துக்கு ஒரு அங்குல லேஸ். இரண்டு கைக்குமாக 26 அங்குலம். நோட்டில் குறித்துப் பார்த்தாள். இரண்டரை மணி ஆயிற்று. நூல் பத்து ரூபாய். தையற்கடை அம்மா ஒருத்தரிடம் 120 கேட்டாள். அவர் 80 என்றார். இவள் வாக்குவாதம் செய்யவில்லை. நோட்டை விரித்துக் காட்டினாள். கடைசியில் 110-க்கு முடிந்தது. மணிக்கு 40 ரூபாய்! இப்போது வாரத்துக்கு நாலைந்து ஜோடி போகிறது. மாதம் கூட்டினால் வீட்டு வாடகையில் பாதிக்குமேல் வரும். இதிலேயே குடும்பம் நடந்துவிடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மார்கழியில் அவர் மட்டும்தான் குடகுக்குப் போனார். குழந்தை அம்மாவோடுதான் இருக்கிறது.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்

மெல்லிய நூல் கண்ணைத் தின்னும். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை தலை நிமிர்ந்து தெருக்கோடி மரத்தையாவது பாருங்கள். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். கறுப்பு நூலை விளக்கு வெளிச்சத்தில் தொடாதீர்கள். மடியில் ஒரு தலையணை வைத்து முழங்கையை அதில் ஊன்றிக்கொண்டால் கழுத்தும் தோளும் பிழைக்கும்.

கர்ப்பிணிகளுக்கும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் விழிப்பு வருகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதாக இருக்கலாம்; இந்தச் சமயங்களில் இது வருவதுண்டு. ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் குரோஷா ஊசியை மூடியுள்ள டப்பாவில்தான் வைக்க வேண்டும். கொக்கி குத்தினால் லேசில் வெளியே வராது.

என் மகளைப் பற்றிச் சொல்லவில்லையே! திண்ணையில் நாங்கள் கணக்குப் போட்டதை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. மறுநாள் ஸ்கர்ட்டைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போய் வந்தவள், நான் சொல்லாமலே வாளியில் தண்ணீர் பிடித்தாள். கையால் கசக்காமல் அலசினாள். துண்டில் சுருட்டி அமுக்கினாள். கட்டிலில் விரித்துக் காயப்போட்டுவிட்டு, தான் தரையில் பாய் போட்டுப் படுத்தாள். "ஏண்டி தரையில படுக்கறே?" என்றால், "தொண்ணூறு மணி நேரம்மா!" என்கிறாள்.

அடுத்த இதழில் அந்த ரவிக்கைக் கை லேஸ் மூன்று வகை. ஊசி, நூலோடு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வையுங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் கேட்பேன்!